முப்பத்தெட்டாவது வரியில் இருக்கும் கண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆரம்பித்தது இது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ், வருகைப் பதிவேடு, இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும் கோப்புகள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய ஒரு டி.சி.யில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்துக்கு இந்தக் குணம்தான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பொழுதுபோக்கு பாசி கோப்பது. கடுகைவிடச் சற்றே பெரிய கண்ணாடிப் பாசி. எழுகடல் தெருவில் போய் 'சுகர் பீட்ஸ்' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு மரச்சட்டத்தில் நூல்களை நெடுக்கு வாட்டில் நெருக்கமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வரிக்கு வேண்டிய பாசிகளை வண்ணப்படி ஊசியில் கோத்து, அந்த நூல்களுக்கு அடியில் கொடுத்து, இரண்டு நூலுக்கு நடுவில் ஒரு பாசி உட்காரும்படி விரலால் அழுத்தி, ஊசியை மேல் பக்கமாகத் திருப்பி இழுத்தால் ஒரு வரி முடிந்தது. வரிக்குக் கீழ் வரியாகப் போட்டுக்கொண்டே போனால் படம் வரும். சர்ச் பஜாருக்குச் சிலுவை, புத்தக அடையாளம், சின்னப் பர்ஸ் என்று அதுவரை உள்ளங்கை அகலத்தைத் தாண்டி நான் எதுவும் செய்ததில்லை.

எங்கள் பள்ளியில் ஓவிய டீச்சர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்து வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை டீச்சர் என்பேன். மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் என் மேஜையில்தான். அந்த வருடம் பள்ளி திறந்த மூன்றாம் நாள், டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சுருட்டிய தாளை என் முன் விரித்தார். கட்டம் போட்ட பெரிய தாள். பல தாள்களைச் சேர்த்து ஒட்டியிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் கலர் பென்சிலால் ஒரு வண்ணம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அது கடல்கன்னி என்று தெரிந்தது.

ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் அவருக்கு ஒரு தாள் கிடைத்திருக்கிறது. வெள்ளைக்காரர் யாரோ நூறு வருடத்துக்கு முன்பு எண்ணெய் வண்ணத்தில் வரைந்த கடல்கன்னி. பாறை மேல் உட்கார்ந்திருக்கிறாள். செம்பழுப்பு முடி இடப் பக்கமாகக் காற்றில் பறக்கிறது. வலப் பக்கம் முழுக்கக் கடல். முகத்தைத் திருப்பி, பார்க்கிறவர்களை நேராகப் பார்க்கிறாள். அந்தத் தாளை இருபத்தைந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்து, அந்தக் கோடை விடுமுறையில் கட்டம் கட்டமாக மாற்றியிருக்கிறார். ஒரு வரிக்கு நூற்றறுபது கட்டம், மொத்தம் இருநூற்று நாற்பது வரி.

"இதை எனக்குப் பாசியில போட்டுத் தாங்கக்கா" என்றார்.

ஏன் பாசி, நீங்களே வரையலாமே என்றேன். அப்போதுதான் சொன்னார். இரண்டு கண்ணிலும் நரம்பு தேய்ந்துகொண்டே வருகிறதாம். ஓரங்களெல்லாம் போய்விட்டது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறது. சொட்டு மருந்து இருக்கிற பார்வையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்குமே தவிர, போனதைக் கொண்டு வராது. எத்தனை காலம் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. ஒரு வருடமும் ஆகலாம், முன்னாலேயும் ஆகலாம். பெரிய படம் வரைந்தால் இந்த ஓரத்தைப் பார்க்கும்போது அந்த ஓரம் கையை விட்டுப் போய்விடுகிறது. "கட்டம்னா ஒண்ணு ஒண்ணாத்தானேக்கா. ஒரு கட்டம் எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். "இருபது வருசமாப் பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூந்தொட்டியும் போடச் சொல்லிக் குடுத்தே போச்சு. நான் போட்டது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, பெருசா நிக்கணும். அதை நான் பாத்துறணும்."

சரி என்று சொன்னேன். அன்றைக்கு அவருக்கு என் மீன் குழம்பில் பாதியைக் கொடுத்து, கடல்கன்னிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று கேலி செய்தது நினைவிருக்கிறது.

ஆசாரியிடம் சொல்லிப் பெரிய சட்டமாகச் செய்து வாங்கினேன். ஜூலையில் தலைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கடல், வானம், உடம்பு எல்லாவற்றுக்கும் ஒரே அளவுப் பாசி கிடைத்துவிட்டது. முடிதான் படுத்தி எடுத்தது. முடிக்கு மட்டும் டீச்சர் ஒன்பது விதமான பழுப்பு குறித்திருந்தார். எழுகடல் தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை. கடைக்காரர் ஒருவர், "மதுரையில கடல்னு பேரு இந்தத் தெருவுக்கு மட்டுந்தாம்மா இருக்கு, நீங்க கடல்கன்னியவே தேடி வந்துட்டீங்க" என்று சிரித்தார். வண்ணம் பொருந்தினால் அளவு பொருந்தவில்லை. சிலது பெரிது, சிலது முகம் வெட்டிய கட் பீட்ஸ், சிலது ஒரு பக்கம் சாய்வு. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கலந்துதான் போட்டேன். ஊசி நுழையாமல் நகக்கண்ணில் குத்தி, செப்டம்பர் கடைசிக்குள் தொண்ணூற்று இரண்டு வரி முடித்தேன். முகம், முடி, தோள்வரை வந்துவிட்டது.

காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று சட்டத்தைப் பள்ளிக்கே தூக்கிப் போனேன். பிள்ளைகள் போனபிறகு வராண்டாவின் ஒரு கோடியில் பெஞ்சு மேல் நிறுத்தினேன். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கு முதலில் ஒரு கண், பிறகு மூக்கு என்று துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. அப்புறம் படத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். ஏழாம் வகுப்பைத் தாண்டி எட்டாம் வகுப்பு வாசலில் போய்த்தான் நின்றார். அங்கிருந்துதான் முழு முகமும் அந்தக் குழாய்க்குள் அடங்கியிருக்கிறது.

அங்கேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டார். "அக்கா, என்னையப் பாக்குறாக்கா" என்று அங்கிருந்தே கத்தினார். கிட்டே ஓடிவந்து, முடிமேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "சொரசொரன்னு இருக்குக்கா" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் காதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. என் பதிவேட்டில் யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்ட மாதிரி சுருக்கென்றது.

அந்த வாரம் ஒரு போட்டோ எடுத்து, பாசி வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு செல்போன் குழுவில் போட்டேன். பாராட்டு நிறைய வந்தது. முகம் தெரியாத ஒரு பெண் மட்டும், முடியில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பாசியைப் பொறுக்காமல் போட்டிருக்கிறீர்கள், நல்ல வேலை என்றால் கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது எங்கள் வேலையில் சரியான பேச்சுதான். பொறுக்காமல் போடுவதைத் தப்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் கத்தரியை எடுத்தேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் பிரிக்கிற?" என்று கேட்டார். முதல் கோணல் முற்றும் கோணல், உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று வாயை அடைத்தேன். ஒவ்வொரு வரியாக நூலை வெட்ட வெட்ட, எவர்சில்வர் தாம்பாளத்தில் பாசி உதிர்ந்தது. கோக்க மூன்று மாதம் பிடித்தது. பிரிக்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலை என்னுடையது, பெயர் என்னுடையது என்றுதான் நினைத்தேன். அவருடைய கண் அதில் இருக்கிறது என்பதை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஒரே அளவில் வரும் ஜப்பான் பாசிக்குச் சொல்லி வைத்தேன். அது வந்து சேர நவம்பர் பாதி ஆகிவிட்டது. அப்படி வந்ததையும் தட்டில் கொட்டி, ஒரு மயிரிழை பெருத்ததையும் சிறுத்ததையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கோத்தேன். பாசி முன்னதைவிடப் பொடி என்பதால் வேலை இன்னும் மெதுவாகவே நகர்ந்தது. ஆனால் விரலை வைத்தால் வழுக்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதற்கிடையில் டீச்சர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கணவரின் ஊரான சோழவந்தானுக்கே போய்விட்டார். அவர் கணவர் அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் டீச்சரிடமிருந்து போன் வரும். சொட்டு மருந்து, மாமியாரின் முழங்கால் வலி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். "எது வரைக்கும் வந்திருக்குக்கா?"

பிரித்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்டோபரில், வேலை நடக்கிறது என்றேன். நவம்பரில் இடுப்பு வந்துவிட்டது என்றேன். அப்போது நான் மறுபடி முதல் வரியில் இருந்தேன். பொய் ஒன்றைச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அதற்கு மேல் ஒரு பத்து வரியாவது கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படியே டிசம்பரில், சட்டத்தில் தாடையே முழுசாக முடியாத கடல்கன்னிக்கு என் வாயால் வால் முளைத்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கேக் எடுத்துக்கொண்டு சோழவந்தான் போனேன். டீச்சர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என் புடவையின் வண்ணத்தைச் சரியாகச் சொன்னார், ஆனால் பக்கவாட்டில் நீட்டிய கேக் டப்பா அவருக்குத் தெரியவில்லை. அவர் கணவர் தமாஷாகப் பேசுகிறவர். "வைகையிலயே தண்ணி இல்ல, எங்க வீட்டுக்குக் கடல்கன்னி வாராளாமே, எங்கக்கா வைக்கிறது?" என்று கேட்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

"பாதியா இருந்தாலும் பரவால்லக்கா, ஒருக்கா கொண்டாந்து காமிங்களேன்" என்றார்.

முடித்துவிட்டே கொண்டு வருகிறேன் என்றேன்.

"அப்ப போட்டோவாச்சும்? போனை எட்டப் புடிச்சா எனக்கு இன்னும் தெரியுது."

போட்டோவில் வண்ணம் சரியாக வராது டீச்சர், அரைகுறையாகப் பார்த்தால் பிறகு முழுசாகப் பார்க்கும் சந்தோஷம் போய்விடும் என்று ஏதேதோ சொன்னேன். செப்டம்பரில் தோள்வரை பார்த்தவருக்கு, டிசம்பரில் அதைவிட மேலே நிற்கும் படத்தை எந்த முகத்தோடு காட்டுவேன்? அவர் கேக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "சரிக்கா, உங்க இஷ்டம்" என்றார். அன்றைக்கு அந்த அரைகுறையைக் காட்டியிருந்தால்கூட அந்த முகத்தை அவர் இன்னொரு தடவை பார்த்திருப்பார். பிரிக்காமல் இருந்திருந்தால், படுத்திய முடி முடிந்து மீதி வேகமாக ஓடி, முழுக் கடல்கன்னியும் அந்தக் கேக்கோடு அவர் கைக்குப் போயிருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை, எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

தவக்காலம் ஆரம்பித்த முதல் வாரத்தில், காலை பத்து மணி இருக்கும், அலுவலகத்தில் இருக்கும்போது அவர் கணவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, காலைல ஜன்னலைத் தொறக்கச் சொன்னாக்கா. தொறந்துதான் கெடந்துச்சு" என்றார். மதுரைக்குக் கூட்டி வந்து பெரிய டாக்டர்களிடம் காட்டினார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். அன்றைக்குச் சட்டத்தில் நூற்றிருபதாவது வரி இருந்தது. சரியாகப் பாதி.

பத்து நாள் சட்டத்தின் பக்கம் போகவில்லை. அதற்கப்புறம் வெறி பிடித்தவள் மாதிரி உட்கார்ந்தேன். முடித்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரும் என்று ஒரு நினைப்பு. வெளியே சித்திரைத் திருவிழாக் கூட்டம் எங்கள் கோரிப்பாளையத்தையே அடைத்துக்கொண்டு நின்றபோது, நான் ஜன்னலைச் சாத்திவிட்டு மீன் செதிலுக்கு வெள்ளிப் பாசி கோத்துக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் படம் முடிந்தது. கறுப்பு வெல்வெட்டில் வைத்துத் தைத்து, கண்ணாடி போடாமல் மரச்சட்டம் மட்டும் அடித்தேன். என் கணவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். உண்மைதான். அதைவிடச் சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை.

பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் வெயில் கொளுத்தியது. டீச்சர் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே, "வாங்கக்கா" என்றார். இளைத்திருந்தார். பொட்டு கொஞ்சம் தள்ளி வைத்திருந்தார். நான் சட்டத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் கணவர், "யம்மாடி, எம்புட்டு அழகு! கண்ணைப் பாரு, நம்மளையே பாக்குறா" என்று சொல்லி, சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மோர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

டீச்சர் இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டார். மேல் ஓரத்தில் விரல்களை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். ஒருமுறை முழுக்கத் தடவிவிட்டு, மறுபடி மேலே போனார். இந்த முறை இன்னும் மெதுவாக. இடப் பக்கம் முடி இருக்கும் இடத்தில் விரல்கள் அங்கேயும் இங்கேயும் அலைந்தன. அவர் புருவம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரே வழவழன்னு இருக்குக்கா" என்றார். "இதுல அவ எங்க இருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. எல்லாப் பாசியும் ஒரே அளவு. முடியும் ஒன்றுதான், முகமும் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். வண்ணத்தை எடுத்துவிட்டால் அது வெறும் வழுவழுப்பான ஒரு துண்டு. ஒரு மயிரிழை மேடு இருந்தாலும் பொறுக்கி எடுத்து, அவர் விரல் பிடித்துக்கொள்ள இருந்த ஒவ்வொன்றையும் நானே தேடித் தேடிக் களைந்திருக்கிறேன்.

"அன்னைக்கு வராண்டால தொட்டப்ப, முடி கையிக்கு நல்லாத் தெரிஞ்சுச்சேக்கா" என்றார் டீச்சர். "சொரசொரன்னு வந்துச்சு, அப்பறம் முகம் வந்தா வழுவழுன்னு ஆச்சு. அன்னைக்குத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. கண்ணு போனாப் போகட்டும், இவளைக் கையாலயே பாத்துக்கிறலாம்னு. அதை நம்பித்தான்க்கா இருந்தேன். அந்த முடி எங்கக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் மாத்திப் போட்டேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சட்டத்தை மடியில் நேராக நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில், "சரி, கட்டம் நான் போட்டதுதானே. கண்ணு முப்பத்தெட்டாவது வரி, இடப் பக்கத்துல இருந்து எழுவத்தொண்ணாவது பாசி. எண்ணிப் பாத்துருவோம்" என்றார். ஆள்காட்டி விரல் நகத்தை மேல் ஓரத்தில் வைத்து, வரி வரியாக இறக்கி, உதடு அசைய எண்ணினார். இருபது வரியைத் தாண்டியதும் நகம் வழுக்கியது. மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். மறுபடி வழுக்கியது. நான் கையைப் பிடித்து வைக்கவா என்றதற்கு, வேண்டாம், நானே கண்டுபிடிக்கிறேன் என்று தலையை ஆட்டினார். மூக்கு நுனியில் வேர்வை நின்றது. மூன்றாவது தடவை வரிகளை எண்ணி இறக்கி, இடப் பக்கத்திலிருந்து பாசிகளை எண்ணிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்தினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இதானேக்கா கண்ணு?"

அவர் நகம் நின்றிருந்தது கடலில். முகத்தைத் தாண்டி வலப் பக்கம் வெகுதூரம் வந்துவிட்டிருந்தார். அந்த இடத்தில் நீலப் பாசியைத் தவிர ஒன்றுமில்லை.

"ஆமா டீச்சர், அதேதான்" என்றேன்.

"என்னையப் பாக்குறாளா?"

"பாக்குறா."

அவர் அந்த விரலை எடுக்கவே இல்லை. மோர் வந்தது, அவர் கணவர் டம்ளரைக் கையில் கொடுத்தபோதும் இடது கையால் வாங்கிக் குடித்தார். நான் வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பும்போதும் வலது கை அங்கேயே இருந்தது. பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, யாரும் தவறிப்போயிட்டாங்களா தாயி என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, பிரித்துப்போட்ட பழைய பாசிகளைத் தேடி எடுத்தேன். ஊறுகாய் பாட்டில் நிறைய ஒன்பது பழுப்பும் கடலும் தோலுமாகக் கலந்து கிடந்தது. அதே முடியை மட்டுமாவது தனியாகப் போட்டுப் பார்க்கலாம் என்று பல நாள் உட்கார்ந்தேன். எது எங்கே இருந்தது என்பது எங்கும் எழுதி வைக்கவில்லை. வண்ணத்துக்குத்தான் கட்டம் இருந்தது, மேடு பள்ளத்துக்கு இல்லை. தானாக வந்த சொரசொரப்பு, வேண்டும் என்று போட்டால் வரவில்லை. பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நான் பாசி ஊசியைத் தொடவில்லை. அலுவலகத்தில் யாராவது போகிற போக்கில், 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா' என்று சொன்னால்கூட, தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

போன பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடல்கன்னியைக் கூடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம். டீச்சர் உள்ளே இருந்தார். அவர் கணவர் என்னைப் படத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏக்கா, இந்தக் கடல்ல இந்த ஒரு எடம் மட்டும் மங்கிப்போச்சே, பாசி சாயம் போகுதோ?" என்று கேட்டார். நான்கைந்து நீலப் பாசிகள் பளபளப்புப் போய், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி நின்றன.

"தெனம் காலைல குளிச்சு விளக்கேத்திட்டு நேரா இங்கதான் வாரா" என்றார் அவர். "இந்த எடத்துல ஒரு தொடு. கடல்ல போயி என்னத்தடி தொடுறேன்னு கேக்க வாய் வரல. என்ன பண்றேன்னு மட்டும் கேட்டேன். அவளைப் பாத்துட்டு வாரேன்ங்கிறா."

பாசியில் சில சமயம் அப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்தப் பத்திரிகையை அவர் கணவர் வாரா வாரம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சருக்கு வரி விடாமல் படித்துக் காட்டுகிறார். வாசகர் அனுபவம் வரும் இந்தப் பக்கம்தான் டீச்சருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அவரே சொன்னார். யார் பெயரையும் நான் போடவில்லை. கட்டம் போட்ட தாளைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே டீச்சருக்குத் தெரிந்துவிடும். நேரில் சொல்ல இரண்டு வருடமாக எனக்கு முடியாததை இப்படியாவது சொல்லிவிடுகிறேன். டீச்சர், நீங்கள் பார்த்த அந்த முடியை நான் அக்டோபரிலேயே பிரித்துவிட்டேன். இடுப்பு, வால் என்று போனில் சொன்னதெல்லாம் பொய். நீங்கள் தினமும் விரல் வைக்கும் இடத்தில் இருப்பது வெறும் தண்ணீர். கண் அங்கிருந்து மூன்று விரற்கடை இடது பக்கம், ஒரு விரற்கடை மேலே இருக்கிறது.

இதைக் கேட்டபிறகு மறுநாள் காலையில் அவர் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்பாரா, நின்றாலும் எங்கே விரலை வைப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வேலையை முடித்த எனக்கு, திருத்தவே முடியாத தப்பு எப்படி இருக்கும் என்பது மட்டும் அந்த மங்கிப்போன நாலைந்து நீலப் பாசியைப் பார்த்தபிறகு தெரியும்.